அன்பளிப்பும் அதன் உறையும்



"அன்பளிப்புகளை எப்படிப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்று ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள்" என்று எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர் சொன்னபோது, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிஸ்டர் ஏன் இந்தத் தலைப்பைத் தந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் காரணத்தை மறைத்துவிட்டுத் தாள் மடிக்கும் முறையை மட்டும் எழுதினால் அது நேர்மையான கட்டுரை ஆகாது. ஆகவே முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு, திருவருகைக் காலத்தில் வழக்கம்போல் 'கிறிஸ்மஸ் தோழி' சீட்டு எடுத்தோம். யார் பெயர் வருகிறதோ அவளுக்காக இரகசியமாகச் செபிக்க வேண்டும். சிறு சிறு உதவிகள் செய்ய வேண்டும். விடுமுறைக்கு முந்தைய நாள் ஓர் அன்பளிப்புக் கொடுத்து, "நான்தான் உன் தோழி" என்று சொல்ல வேண்டும்.

அந்த நாளில் மேசை நிறைய ஜிகினாத் தாள்கள் மின்னின. நாடாப் பூக்கள், ஒட்டு நட்சத்திரங்கள், கடைக்காரரே பொதிந்து கொடுத்த பெரிய பெட்டிகள் என்று பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அவற்றின் நடுவே கமுகம்பாளையில் மடித்து, வாழைநாரால் கட்டிய ஒரு சிறு பொதி இருந்தது. பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் உள்ள காணிக் குடியிருப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி கொண்டுவந்தது அது. "சந்தையில் வாங்கிய மீனா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்தப் பொதியைப் பெற்றவள் வெட்கப்பட்டு, அதைப் பிரிக்காமலேயே மேசை அறைக்குள் தள்ளிவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டாள்.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவளுடைய மேசையில் எறும்பு ஊர்ந்தது. அப்போதுதான் பொதியைப் பிரித்தோம். உள்ளே ஒரு சிறு புட்டி மலைத்தேன். மூடி இறுக்கமாக இருந்ததால் தேன் கெடவில்லை. பாளையின் மேல் சிந்தியிருந்த ஒரு சொட்டுக்குத்தான் எறும்பு வந்திருந்தது. புட்டியோடு ஒரு சீட்டும் இருந்தது. "மழைக்காலம் முழுவதும் காலைச் செபத்தில் நீ இருமுகிறாய். இரவில் வெந்நீரோடு ஒரு கரண்டி குடி" என்று அதில் எழுதியிருந்தது.

அதே நாளில் வேறொன்றும் தெரியவந்தது. மேசையில் இருந்தவற்றிலேயே பெரியதாக, மிகவும் மின்னிய பெட்டியில் ஒரு படச் சட்டம் இருந்தது. அதன் பின்புறத்தில் வேறு யாரோ வேறு யாருக்கோ ஒரு பிறந்தநாளில் கொடுத்ததற்கான எழுத்து அப்படியே இருந்தது. உள்ளே இருப்பதை ஒருமுறை திருப்பிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் வெளியே மட்டும் ஜிகினாத் தாள் சுற்றியிருந்தோம்.

சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. "பாளையில் ஏன் பொதிந்தாள் என்று யாராவது கேட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்கள். யாரும் கேட்டிருக்கவில்லை. பிறகுதான் கேட்டோம். "படகில் வரும்போது மழை பெய்யும். தாள் என்றால் கரைந்துபோகும். பாளையில் தண்ணீர் நிற்காது" என்றாள் அவள். எங்கள் உறைகளில் எதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கவில்லை.

சொல்லிலேயே பொருள் இருக்கிறது

அன்பு, அளிப்பு என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்ததே அன்பளிப்பு. முதலில் அன்பு, அடுத்துத்தான் அளிப்பு. காணிக்கை என்ற சொல்லும் 'காண்' என்பதிலிருந்து வந்தது. பெரியவரைக் காணச் செல்கையில் வெறுங்கையோடு போகாமல் கொண்டுசெல்வது காணிக்கை.

இந்த வழக்கத்திற்கு எங்கள் மலையிலேயே சான்று உண்டு. அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி மக்கள், ஓணத்தை ஒட்டித் திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைக்குச் சென்று, திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரைக் கண்டு, தேன், வாழைக்குலை, மூங்கில் பொருள்கள் முதலிய மலைப் பொருள்களைக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அரச குடும்பத்தார் அவர்களுக்குப் புத்தாடை முதலியவற்றைத் திருப்பிக் கொடுப்பார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்ததுதான். மன்னர் குடும்பம் மதிப்போடு கை நீட்டி வாங்கிய காட்டுப் பொருளைப் பார்த்துத்தான் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் சிரித்தோம்!

தமிழ் வகுப்பில் படித்த வள்ளல்களையும் நினைத்துப் பார்த்தோம். அதியமான் ஒளவையாருக்குக் கொடுத்தது ஒரு சிறிய நெல்லிக்கனி. அதன் சிறப்பைச் சொல்லாமலேயே கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். அது குளிரில் நடுங்குகிறது என்று அவன் மனம் எண்ணியது. பெறுபவருக்கு என்ன தேவை என்று பார்த்ததில்தான் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். இருமலைப் பார்த்துத் தேன் கொடுத்த எங்கள் தோழியும் அந்த வரிசையில் சேர்ந்தவளே.

நற்செய்தியிலும் இதைக் காண்கிறோம். ஞானியர் தங்கள் பேழைகளைத் திறந்து பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொடுத்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அந்தக் குழந்தையையோ அன்னை மரியா துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று லூக்கா எழுதுகிறார். முதல் கிறிஸ்மஸின் பரிசுக்குக் கிடைத்த உறை சாதாரணத் துணிதான்.

உறைகளின் கதை

இன்று அன்பளிப்பு என்றாலே வண்ணத் தாள் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த அச்சிட்ட தாள் மிகப் பழையது அன்று. அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்தில் வாழ்த்து அட்டைக் கடை வைத்திருந்த ஹால் சகோதரர்கள், 1917 கிறிஸ்மஸ் சமயத்தில் பரிசு சுற்றும் மெல்லிய தாள் முழுவதையும் விற்றுத் தீர்த்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல், கடித உறையின் உட்புறத்தில் ஒட்டுவதற்காக வைத்திருந்த பூப்போட்ட பிரெஞ்சுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். அதுவும் விற்றுப்போயிற்று. அதன்பின் அவர்களே பரிசுத் தாள் அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்த நிறுவனம்தான் ஹால்மார்க்.

ஜப்பானியர் பரிசைச் சதுரத் துணியில் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தத் துணிக்கு ஃபுரோஷிகி என்று பெயர். 'ஃபுரோ' என்றால் குளியல், 'ஷிகி' என்றால் விரிப்பு. பொதுக் குளியலறைக்குச் சென்றவர்கள் உடையைக் கட்டி வைத்த துணியே பின்னர் இப்படிப் பயன்பட்டது. குப்பையைக் குறைப்பதற்காக 2006ஆம் ஆண்டில் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சரே இந்தத் துணியை மீண்டும் பயன்படுத்தும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்.

நம் நாட்டில் இல்லாததா? சில்லுக் கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வரும். தோவாளைப் பூ இலையில் பொதிந்து வரும். திருமண வீட்டில் தாம்பூலம் மஞ்சள் துணிப்பையில் வரும். இவற்றுள் எதுவும் பூமிக்குச் சுமையில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. நம் பாட்டிமார் விட்டுவிடாமல் வைத்திருந்த பழக்கத்திற்கு நாடு திரும்பி வருகிறது.

எல்லாவற்றையும்விட நாம் நன்கு அறிந்த உறை ஒன்று உண்டு. அது பொதிச்சோறு. எங்களில் பலருடைய தாய்மார் விடியும் முன்னே ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள். அதற்கும் முன்னே எழுந்து, வாழையிலையைத் தீயில் வாட்டி, சோறும் கூட்டும் வைத்து, மடித்துக் கட்டி நம் பையில் வைக்கிறார்கள். இலை கிழியாமல் மடிக்கிறார்கள். குழம்பு ஒழுகாமல் கட்டுகிறார்கள். நாம் ஒரு நாளாவது அதை அன்பளிப்பு என்று நினைத்ததுண்டா?

தாளில் பொதியும் முறை

இனி செய்முறைக்கு வருவோம். பெட்டி வடிவப் பொருளுக்குத் தாள் வெட்டும்போது பெரும்பாலும் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, தாள் போதாமல் போகும். மற்றது, அதிகமாகி ஓரங்கள் புடைத்து நிற்கும். அளவியலில் படித்த கனச்செவ்வகம் இங்கே கை கொடுக்கிறது.

பெட்டியின் நீளம் 20 செ.மீ., அகலம் 12 செ.மீ., உயரம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

1. பெட்டியைச் சுற்றி வரவேண்டிய அளவு: அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் 34 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டுவதற்கு 2 செ.மீ. சேர்த்தால் 36 செ.மீ.

2. மற்றப் பக்கத்தின் அளவு: நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைச் சேர்க்க வேண்டும். 20 உடன் 7.5 சேர்த்தால் 27.5. இதை 28 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் இரு முனைகளிலும் 4 செ.மீ. வீதம் தாள் நீட்டிக்கொண்டிருக்கும். மடிப்புக்கு அது போதும்.

3. தாளின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, பெட்டியைத் தலைகீழாக நடுவில் வையுங்கள். அப்போதுதான் ஒட்டு அடிப்பக்கம் போகும்.

4. தாளைச் சுற்றி ஒட்டியபின், முனையில் வலமும் இடமும் உள்ள ஓரங்களை முதலில் உள்ளே மடித்து, விரல் நகத்தால் அழுத்துங்கள். மேலும் கீழும் முக்கோணம்போல் நிற்கும். மேலே உள்ளதைக் கீழே மடித்து, கீழே உள்ளதை அதன்மேல் மடித்து ஒட்டுங்கள்.

இந்தப் பெட்டியின் மொத்தப் புறப்பரப்பு 800 சதுர செ.மீ. நாம் வெட்டிய தாள் 36ஐ 28ஆல் பெருக்க 1008 சதுர செ.மீ. மடிப்புக்காகக் கூடுதலாகப் போவது 208 சதுர செ.மீ. மட்டுமே. அளக்காமல் வெட்டியபோது இதே பெட்டிக்கு நாங்கள் ஏறக்குறைய இருமடங்கு தாளைச் செலவழித்தோம். புதிதாகப் பழகுவோர் முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பாருங்கள்.

எந்தத் தாள் நல்லது? பழைய நாட்காட்டித் தாளின் பின்புற வெள்ளை மிக நன்றாக இருக்கும். புத்தகத்திற்கு அட்டை போடும் பழுப்புத் தாளும் போதும். ஜிகினாத் தாள்களில் பல உண்மையில் தாளே அல்ல. அதைக் கையில் கசக்கி விட்டுப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் தாள். மீண்டும் விரிந்துகொண்டால் பிளாஸ்டிக் கலந்தது. அது மட்காது, எரித்தாலோ கெட்ட புகை வரும்.

துணியில் கட்டும் முறை

சதுரத் துணியை வைரக்கல் வடிவில் விரித்துக்கொள்ளுங்கள். பொருளின் நீளம், துணியின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 20 செ.மீ. பொருளுக்கு 60 செ.மீ. மூலைவிட்டம் வேண்டும். அதாவது சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 43 செ.மீ. பொருளை நடுவில் வைத்து, கிட்ட உள்ள மூலையை அதன்மேல் போட்டு அடியில் செருகுங்கள். எதிர் மூலையையும் அவ்வாறே போடுங்கள். மீதியுள்ள இரண்டு மூலைகளையும் மேலே கொண்டுவந்து முடியுங்கள்.

புதுத் துவாலை, கைக்குட்டை, ரவிக்கைத் துணி எதுவும் இதற்கு ஆகும். அப்போது உறையே இன்னொரு பரிசாகிவிடும். எங்கள் மாவட்டத்தில் இதற்கு இன்னும் சிறப்பு உண்டு. நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தார். அந்தக் கைத்தொழிலில் வந்த கூலியால் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்களும் உண்டு. 1897இல் முளகுமூட்டுக்கு வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டரின் சபைச் சகோதரிகளும் லேஸ் வேலையை வளர்த்தார்கள். ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்த கைக்குட்டை ஒன்றில் அன்பளிப்பைக் கட்டிக் கொடுத்தால், இத்தனை பெண்களின் உழைப்பும் அதனோடு போகிறது.

இலை, ஓலை, பாளை

தின்பண்டங்களுக்கு வாட்டிய வாழையிலையே உத்தமம். தணலின்மேல் மெதுவாகக் காட்டினால் இலை துவண்டு, மடித்தாலும் கிழியாது. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு போன்ற உலர்ந்த பலகாரத்தை ஈரமான இலையில் வைத்தால் நமத்துப்போகும். அவற்றை மூடியுள்ள ஓலைப்பெட்டியில் வையுங்கள். குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்கத் தெரிந்த கைகளுக்குச் சிறு ஓலைப்பெட்டி பின்னுவது கடினமன்று.

கமுகம்பாளையில் பொதியும் முறையை எங்களுக்குக் கற்றுத் தந்தவள் எங்கள் விடுதித் தோழிதான். தானாக உதிர்ந்த பாளையை எடுத்துத் துடைத்து, அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். மெத்தென்று ஆனதும் ஓரங்களை நறுக்கி, பொருளை வைத்து, நான்கு பக்கமும் மடித்து நாரால் கட்ட வேண்டும். காய்ந்ததும் அந்த வடிவிலேயே விறைத்து நிற்கும். உள்ளே இருக்கும் புட்டி கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது.

பூ கொடுப்பதானால் எங்கள் மாவட்டத்தில் தோவாளை இருக்கிறது. மணி பதித்ததுபோல் அரளிப் பூக்களையும் இலையையும் மடித்துக் கட்டும் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலைக்கு உறை தேவையில்லை. ஈர வாழையிலையில் சுருட்டினால் போதும்.

எந்தச் சமயத்திற்கு எப்படி?

பிறந்தநாள்: சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது குண்டூசியும் கம்பியும் குத்தாதீர்கள். இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். தானே பிரிப்பதில்தான் குழந்தைக்குப் பாதி மகிழ்ச்சி.

குழந்தை பிறந்த வீடு: பழகிய மெல்லிய பருத்தித் துணியைத் துவைத்து உலர்த்திக் கொடுங்கள். ஜிகினாப் பொடி உதிரும் தாள் வேண்டவே வேண்டாம். அது குழந்தையின் கண்ணில் படும்.

புதுநன்மை: செபமாலையோ செபப்புத்தகமோ கொடுக்கும்போது வெள்ளைத் தாளும் வெள்ளை நூலும் போதும். உள்ளே, பெறும் பிள்ளையின் பெயரையும் நாளையும் எழுதுங்கள். பிற்காலத்தில் அந்த எழுத்தைத்தான் தேடிப் பார்ப்பார்கள்.

திருமணம்: பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்பது பெரியோர் வழக்கம். ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ சிறு துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். உருண்டையான பாத்திரத்திற்குத் தாள் நிற்காது. துணியே நல்லது. பணமாகக் கொடுப்பவர்கள் ஒரு ரூபாய் சேர்த்து வைப்பார்கள். உறையின்மேல் முழுப் பெயரும் ஊரும் எழுதினால், வீட்டார் பிறகு நன்றி சொல்லத் தேட வேண்டியதில்லை.

பால் காய்ச்சு: புது வீட்டுக்கு எல்லாரும் சுவர்க் கடிகாரமே கொண்டுபோகிறார்கள். என்ன வேண்டும் என்று வீட்டாரைக் கேட்பதில் தவறில்லை. கண்ணாடிப் பொருளானால் பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்து, மேலே 'கண்ணாடி' என்று எழுதுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது: பழங்களைக் கழுவித் துடைத்துத் திறந்த கூடையில் வையுங்கள். எங்கள் மட்டிப் பழம் போன்ற சிறு பழம் நல்லது. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இறுக்கிக் கட்டாதீர்கள். கையில் ஊசி குத்தியிருப்பவர் எப்படி முடிச்சை அவிழ்ப்பார்? கடும் மணமுள்ள பூவும் வேண்டாம்.

துக்க வீடு: வண்ணமும் நாடாவும் இங்கே கூடாது. மெழுகுவர்த்தியோ, சமைத்த கஞ்சியோ, அரிசி காய்கறியோ சாதாரணப் பையில் கொண்டுபோய், அடுக்களையில் இருப்பவரிடம் அமைதியாகக் கொடுத்துவிட வேண்டும். இது கொடுத்தது நாம் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அருட்சகோதரிகளின் விழா: வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு விலையுயர்ந்த பொருள் எதற்கு? நாங்கள் ஆன்மீக மலர்ச்செண்டு கொடுக்கிறோம். திருப்பலி, செபமாலை, ஒறுத்தல் இத்தனை என்று எண்ணி அட்டையில் எழுதுகிறோம். ஒன்றே ஒன்று நினைவில் வைக்க வேண்டும். எழுதிய எண்ணிக்கையை உண்மையாகவே செய்திருக்க வேண்டும். செய்யாமல் எழுதினால் அது உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி.

பிற சமயத் தோழியர் வீடு: ரம்சானுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் நமக்குப் பலகாரம் தருகிறார்கள். கிறிஸ்மஸுக்கு நாம் கொடுக்கும்போது அவர்கள் உண்ணக் கூடியதா என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். அவர்கள் பாத்திரத்தைத் திருப்பும்போது அதில் ஏதேனும் சிறிது வைத்துத் திருப்புங்கள்.

கொடுப்பதும் வாங்குவதும்

விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். பெறுபவர் பெயரை அவர் விரும்பும் விதத்தில் சரியாக எழுதுங்கள். முதியவருக்கு என்றால் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உறையை முடிக்கும் முன் உள்ளே ஒருமுறை பாருங்கள். எங்கள் படச் சட்டத்தின் கதை உங்களுக்கும் நேரக் கூடாது! கொடுக்கும்போது இரண்டு கைகளாலும் கொடுங்கள். "இது ஒன்றுமில்லை" என்றும் சொல்லாதீர்கள், "இது இவ்வளவு விலை" என்றும் சொல்லாதீர்கள்.

வகுப்பில் சேர்ந்து பணம் திரட்டும்போது யார் எவ்வளவு கொடுத்தார் என்று உரக்கப் படிக்க வேண்டாம். மூடிய டப்பா ஒன்றை வைத்து, இயன்றதைப் போடச் சொல்லலாம். ஒன்றும் போட இயலாதவளை வாழ்த்து அட்டை எழுதச் சொல்லலாம். அவளுடைய பங்கும் அதில் இருக்கும்.

கொடுக்கும் முறையைவிட வாங்கும் முறை கடினம் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டோம். எந்தப் பொதியையும் கொடுத்தவர் முன்னால் சிரிக்காமல் வாங்குங்கள். அன்றே பிரியுங்கள். உள்ளே இருக்கும் சீட்டைப் படியுங்கள். மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

முடிவுரை

தேனைப் பெற்றவள் அன்று மாலையே விடுதிக்குச் சென்று மன்னிப்புக் கேட்டாள். நாங்களும் கூடப் போனோம். எங்கள் விடுதித் தோழி கோபப்படவில்லை. ஆனால், "பரவாயில்லை" என்றும் சொல்லிவிடவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தேன் எடுக்க எங்க அப்பா மரத்தில் ஏறினார். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பிடித்ததா என்று வீட்டில் கேட்டார். பிடித்தது என்று சொல்லிவிட்டேன்" என்றாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் சிரிப்புக்காக அவள் தன் தந்தையிடம் பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே இந்தக் கல்வி ஆண்டின் கிறிஸ்மஸில் வகுப்பில் ஒரு விதி வைத்தோம். அன்பளிப்பு கையால் செய்ததாகவோ வீட்டில் விளைந்ததாகவோ இருக்க வேண்டும். உறைக்காகக் காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது. மேசையில் ஓலைப்பெட்டிகளும் துணி முடிச்சுகளும் நாட்காட்டித் தாள் பொதிகளும் இருந்தன. பாளைப் பொதிகள் மட்டும் ஒன்பது இருந்தன. ஒவ்வொரு பொதியையும் எல்லார் முன்னாலும் பிரித்து, சீட்டை வாசித்தோம்.

தேனைப் பெற்றவள் அந்தப் பழைய புட்டியைக் கழுவி வைத்திருந்தாள். வெறும் புட்டியைத் திருப்பக் கூடாது அல்லவா? தன் வீட்டு நல்லமிளகை அதில் நிரப்பி, தானே மடித்த பாளையில் பொதிந்து, அணைக்கு அக்கரையில் இருக்கும் அந்தத் தந்தையின் பெயரை எழுதி, நம் தோழியின் கையில் கொடுத்தனுப்பினாள். சீட்டில், "தேன் குடித்தேன். இருமல் இல்லை. நன்றி மாமா" என்று எழுதியிருந்தாள். அன்றும் மழை பெய்தது. பொதி நனையாமல் போய்ச் சேர்ந்தது என்று விடுமுறை முடிந்து வந்து எங்கள் தோழி சொன்னாள்.

— பத்தாம் வகுப்பு மாணவியர்